ராணுவ நர்சுகள்: வார்டில் ஓயாத போர்

ஊனமுற்ற வீரர்களின் உடலையும் உரிமையையும் காப்பவர்கள், தங்கள் உரிமைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது

புனேயை ஒட்டிய கிர்க்கி ராணுவ மருத்துவமனையின் முதுகுத்தண்டு சிகிச்சை மையத்தில் கடிகாரத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வலப்பக்கம், மல்லாந்து, இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். பகலிலும் இதேதான், நடுநிசியிலும் இதேதான். முதுகுத்தண்டு முறிந்த வீரருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. நம்மைப் போலத் தூக்கத்தில் புரண்டு படுக்க அவர் உடல் அவருக்கு உதவாது. எலும்பு மேடிட்ட இடங்களில், அதாவது பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில், படுக்கை அழுத்தி ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் தோல் சிவக்கும். கவனிக்காமல் விட்டால் புண்ணாகும். புண் எலும்பு வரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லையில் குண்டுக்குத் தப்பிய மனிதரைப் படுக்கைப்புண் கொண்டு போய்விடும்.

அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது எந்தப் பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரும் அல்ல. வார்டில் இருக்கும் நர்ஸ். ஜவான்களின் பேச்சில் அவர் ‘சிஸ்டர்’. தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம் இருந்தாலும் சரி, கர்னல் பட்டை இருந்தாலும் சரி, அவர் சிஸ்டர்தான். மருந்தும் ஊசியும் மட்டும் அவர் வேலை அல்ல. ஊர் தெரியாத, இந்தி சரிவரப் பேச வராத, இருபத்து நாலு வயதில் கால் இரண்டும் உணர்விழந்து கிடக்கும் ஒரு சிப்பாய்க்காக டாக்டரிடமும், அலுவலகத்திடமும், குடும்பத்திடமும் பேசுகிற வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. அந்தப் பேச்சு சரியாக நடந்தால் அந்த இளைஞருக்கு ஒரு வாழ்க்கை உண்டு. நடக்காவிட்டால் அவர் ஒரு கோப்பு எண்.

பிழைக்க வைத்த வித்தை

முதல் உலகப் போர்க் காலத்தில் முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில் இறந்துபோனார்கள். கொன்றது பெரும்பாலும் காயம் அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். ‘இவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை’ என்பதே அன்றைய மருத்துவத்தின் முடிவு. அந்த முடிவை மாற்றியவர் ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவருக்கு ஒரு வார்டு தரப்பட்டது. அங்கே அவர் கொண்டு வந்த முதல் விதி, இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்ப வேண்டும் என்பது. இரவு நேரத்தில் தானே வார்டுக்கு வந்து அது நடக்கிறதா என்று பார்ப்பார் என்கிறது வரலாறு. இரண்டாவது விதி, உயிர் பிழைத்தவர் விளையாட வேண்டும், வேலை செய்ய வேண்டும் என்பது. 1948-ல் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் அவர் நடத்திய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆனது.

இந்திய ராணுவத்துக்கு இந்தக் கதையில் ஒரு நேரடிப் பங்கு உண்டு. 1965 போரில் குண்டுபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக்காரர். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். மும்பையில் உள்ள கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் அவருக்குச் சிகிச்சை நடந்தது. உடம்பைத் தேற்றுவதற்காக நீந்தச் சொன்னார்கள். நீந்தினார். 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக்ஸ் தங்கம் அது. ஆனால் நாடு அவரைக் கண்டுகொள்ள வெகு காலம் ஆயிற்று. பத்மஸ்ரீ வந்தது 2018-ல். வென்ற நாளிலிருந்து கணக்கிட்டால் 46 ஆண்டுகள்.

பேட்கரின் பெயர் திரைப்படம் வரை போய்விட்டது. பெயர் வெளியே வராத நூற்றுக்கணக்கானவர்களுக்காக கிர்க்கியில் 1974-ல் ஊனமுற்ற வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1978-ல் பஞ்சாபின் மொஹாலியில் இன்னொன்று வந்தது. திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள். கை அசையாத சிலர் வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் வரைகிறார்கள். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். புனேயிலேயே 1944-ல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் 1962, 1965, 1971 போர்களில் கால் கை இழந்தவர்களையும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்தவர்களையும், கார்கில் வீரர்களையும் நிற்க வைத்திருக்கிறது.

கார்கிலை எடுத்துக்கொண்டால் 1999-ல் உயிரிழந்தவர்கள் 527 பேர். அந்த எண் பலருக்கு நினைவிருக்கிறது. காயமடைந்தவர்கள் 1,363 பேர் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. இறந்தவருக்குச் சிலை உண்டு, ஆண்டுக்கொரு அஞ்சலி உண்டு. காயம்பட்டவருக்கு இருப்பது ஒரு மெடிக்கல் போர்டும், அது தரும் ஒரு சதவீதமும்.

சதவீதத்தின் பின்னால்

சதவீதம்தான் எல்லாம். ஒரு ஜவான் இனி பணிக்கு லாயக்கில்லை என்று முடிவானால் மெடிக்கல் போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. ஊனம் எத்தனை சதவீதம்? அது ராணுவப் பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரு சொல் விழுந்தால் ஊன ஓய்வூதியம் கைநழுவிப் போகும். போரில் பட்ட காயம் என்றால் கிடைக்கும் தொகை சாதாரண ஊனத்துக்கு உள்ளதைப்போல இரு மடங்கு. முழு ஊனமுற்று, பிறர் துணையின்றி எதுவும் செய்ய முடியாதவருக்கு உதவியாளர் படி என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கும் போர்டின் பரிந்துரை வேண்டும்.

இதில் வழக்குகள் ஏராளம். 1985-ல் சிப்பாயாகச் சேர்ந்த தரம்வீர் சிங் வலிப்பு நோய் காரணமாக 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நோய் பணியால் வந்ததல்ல என்று போர்டு சொல்லிவிட்டது. அவர் விடவில்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது உடலில் குறை இருந்ததாகப் பதிவு எதுவும் இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துடையது, வீரருடையது அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயங்களில் பின்னர் ஏராளமான வீரர்கள் வென்றார்கள். வென்றவர்கள் பலருக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்தது. 2023 செப்டம்பரில் விதிகளே திருத்தி எழுதப்பட்டன.

சட்டப் புத்தகத்தைக் கடந்து பார்த்தால் இந்த வழக்குகள் எல்லாவற்றின் அடியிலும் இருப்பது காகிதம். எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டார், என்ன நிலையில் வந்தார், எப்படி அடிபட்டதாகச் சொன்னார், இரவில் வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம் நீடித்தது, தானாகச் சாப்பிட முடிந்ததா, உடை மாற்ற எத்தனை பேர் தேவைப்பட்டார்கள். டாக்டர் வார்டில் இருப்பது சிறிது நேரம். 24 மணி நேரமும் இருந்து இவற்றைக் குறித்து வைப்பது நர்ஸ். மூன்று ஷிப்டுகளில் மூன்று கையெழுத்துகளில் எழுதப்படும் அந்தக் குறிப்புகள்தான் பத்து ஆண்டு கழித்து நீதிபதி முன்னால் சாட்சியாக நிற்கும். ‘நோயாளி நலம்’ என்று ஒரு வரியில் முடித்த குறிப்புக்கும், ‘இடக்கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, ஊட்டிவிடப்பட்டது’ என்று எழுதிய குறிப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் மாதாந்தர வருமானம்.

அக்கறையுள்ள நர்ஸ் நோயாளிக்காக வாதாடுவது என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கோஷமும் இல்லை, கொடியும் இல்லை. ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம், “இவருக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை, சார்” என்று சொல்வது. ஊருக்குப் போகும் முன் டிஸ்சார்ஜ் குறிப்பின் நகலைக் கையில் கொடுத்து, “இதைத் தொலைத்துவிடாதே” என்று இரண்டு முறை சொல்வது. இல்லாத காலில் வலிக்கிறது என்று அலறுபவரை யாரும் பைத்தியம் என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது. கால் போன பிறகும் மூளை அந்தக் காலை மறப்பதில்லை. அந்த வலி மெய்யான வலி, அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் முதலில் யாராவது நம்ப வேண்டும்.

மனைவிக்குப் பாடம் எடுப்பதும் சிஸ்டர்தான். சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகப் போடுவது, தோலை தினம் எங்கெங்கே பார்ப்பது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும் என்று. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண்கள் இந்தப் பாடத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்விகளும் உண்டு. குழந்தை பிறக்குமா என்பது அவற்றில் ஒன்று. அதை ஆண் டாக்டரிடம் கேட்கத் தயங்குபவர்கள் சிஸ்டரிடம் கேட்கிறார்கள்.

ராணுவ மருத்துவமனைக்கு வெளியே

சிக்கல் தொடங்குவது ராணுவ மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகு. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்புச் சுகாதாரத் திட்டம், சுருக்கமாக இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்ற ஜவான் ராணுவ மருத்துவமனையில் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மருத்துவமனை இருக்கும் நகரங்களோ சில. ஜவான்கள் வருவதோ ராஜஸ்தான், உத்தராகண்ட், பிகார், வேலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து. புதிய திட்டத்தில் 227 பாலிகிளினிக்குகளோடு தொடங்கி, பின்னர் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. பெரிய சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைப்பார்கள். வீரர், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என அரைக் கோடிப் பேருக்கு மேல் இதன் நிழலில் இருக்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெரிய சாதனை.

ஆனால் குறைகளும் அதே அளவுக்குப் பழக்கமானவை. பாலிகிளினிக் ஊழியர்கள் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்கள். மருந்து ‘அடுத்த வாரம் வரும்’. பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால் தனியார் மருத்துவமனைகள் முகம் திருப்பிக்கொள்ளும். இவை செய்தித்தாள்களில் வருகின்றன. செய்தித்தாளில் வராத குறை ஒன்று உண்டு. சாதாரண மருத்துவமனை நர்சுக்கு முதுகுத்தண்டு முறிந்த நோயாளியைப் பார்த்துப் பழக்கம் இல்லை.

ஓர் உதாரணம் போதும். மார்புக்கு மேல் தண்டுவடம் அறுந்தவருக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அவருக்கு வலி தெரியாது. ஆனால் உடல் அதை உணர்ந்து ரத்த அழுத்தத்தைக் கண்டபடி ஏற்றிவிடும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும். சில நிமிடங்களில் குழாயைச் சரி செய்யாவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். தெரிந்த நர்ஸ் முதலில் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு உடனே குழாயைப் பார்ப்பார். தெரியாதவர் தலைவலி மாத்திரை கொடுப்பார். சாதாரணக் காய்ச்சலுக்குச் சேர்க்கப்பட்டு, மூன்று நாள் யாரும் திருப்பிப் படுக்க வைக்காததால் பெரிய புண்ணோடு திரும்பும் அபாயம் இத்தகைய நோயாளிகளுக்கு எப்போதும் உண்டு. ஆகவே கிர்க்கியிலும் மொஹாலியிலும் பயிற்சி பெற்ற ராணுவ நர்சுகளின் அனுபவம் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் பாலிகிளினிக்குகளுக்கும் போய்ச் சேர வேண்டியது அவசியம். அதற்கு மாளிகையும் எந்திரமும் வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சியும், சுவரில் ஒட்ட ஒரு காகிதமும் போதும்.

பத்துப் பேரிலிருந்து

இந்திய ராணுவத்தில் நர்சுகளின் வரலாறே வாதாட்டத்தில் தொடங்கியதுதான். 1859-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலுள்ள தன் படைகளின் சுகாதாரம் பற்றி ஆராய ராயல் கமிஷன் அமைத்தது. அதன் பின்னணியில் இருந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். இந்தியாவுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ராணுவ முகாமுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பி, வந்த பதில்களைப் படித்து எண்களாக அடுக்கினார். ஆண்டுக்கு ஆயிரம் சிப்பாய்களுக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். போரில் அல்ல. காலராவிலும் சீதபேதியிலும் காய்ச்சலிலும். சாக்கடை இல்லாத முகாம்களும் அழுக்குத் தண்ணீரும் நெரிசலான பாரக்குகளும் காரணம் என்று 1863-ல் வந்த அறிக்கை சொன்னது. ஒரு நர்ஸ் எண்களை வைத்து அரசோடு சண்டை போட முடியும் என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்று.

1888 மார்ச் 28-ல் பத்து நர்சுகள் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ராணுவ மருத்துவமனைகளில் முறையான நர்சிங் அன்று தொடங்கியது. அவர்களது பணி பெரும்பாலும் வெள்ளைச் சிப்பாய்களுக்குத்தான். இந்தியப் பெண்கள் உள்ளே வந்தது 1914-ல், உலகப் போரின் நெருக்கடியில். 1926 அக்டோபர் 1-ல் இந்திய ராணுவ நர்சிங் பணி நிரந்தர அமைப்பானது. அந்தக் கணக்கில் 2026 அதன் நூற்றாண்டு. 1943-ல் வந்த ஓர் அவசரச் சட்டம் நர்சுகளை அதிகாரிகளாக ஆக்கியது. இந்திய ராணுவத்தில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்த மிகப் பழைய பிரிவு இதுதான். இன்று பிறர் ‘பெண்களுக்கு ராணுவத்தில் இடம்’ என்று பேசும்போது, அந்த இடத்தில் எப்போதோ வந்து உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

அஸ்வினி, புனேயின் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, டெல்லி, கொல்கத்தா, லக்னோ, பெங்களூர் என ஆறு இடங்களில் ராணுவ நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. நர்சிங் அதிகாரிகளின் உச்சப் பதவி மேஜர் ஜெனரல். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் டெலோஸ் புளோரா 2023-ல் அந்தப் பதவிக்கு உயர்ந்து நர்சிங் பணியின் தலைமையை ஏற்றார். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல தலைமுறைகளாகப் பெண்கள் இந்தச் சீருடைக்குப் போயிருக்கிறார்கள்.

காப்பவருக்கு யார் காவல்?

பிறருக்காக வாதாடும் இவர்கள் தங்களுக்காக வாதாட வேண்டிவந்த கதை வேறு. செலினா ஜான் 1985-ல் லெப்டினன்டாக நியமனம் பெற்ற ராணுவ நர்ஸ். செகந்தராபாத் ராணுவ மருத்துவமனையில் பணி. 1988-ல் ஒரு ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டு வேலை போயிற்று. காரணம், 1977-ல் வந்த ஒரு ராணுவ உத்தரவு. நர்சிங் அதிகாரி திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்றது அது. விளக்கம் கேட்கும் நோட்டீஸ்கூட அவருக்குத் தரப்படவில்லை. திருமணம் செய்துகொண்ட ஆண் அதிகாரிக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

அந்த உத்தரவு 1995-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் செலினா ஜானின் வேலை திரும்பவில்லை. நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று அலைந்தார். 2016-ல் லக்னோ ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபங்கர் தத்தாவும் தீர்ப்பளித்தார்கள். திருமணம் செய்த காரணத்துக்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து அனுப்புவது அப்பட்டமான பாலினப் பாகுபாடு, அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். அவருக்கு 60 லட்ச ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டார்கள். வேலை போய் அப்போது 35 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருந்தன.

அதே 2024-ல் இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நர்சுகள் பக்கம் நின்றது. பஞ்சாப் அரசுப் பணிக்கு முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்த ஒரு முன்னாள் நர்சிங் அதிகாரியை, நர்சிங் பணி செய்தவர் முன்னாள் படைவீரர் ஆகமாட்டார் என்று சொல்லி நிராகரித்திருந்தார்கள். படைவீரரின் காயத்தைக் கழுவியவர், அதே சீருடை அணிந்தவர், குடியரசுத் தலைவரின் பெயரால் பதவி பெற்றவர், ஆனால் படைவீரர் அல்ல! அவருக்கும் அந்த மாநில விதிகளின்படி உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இரண்டு வழக்குகளும் நர்சுகளின் சம்பளப் பிரச்சினை மட்டும் அல்ல. தன் நாற்காலியே ஆட்டம் கண்ட நிலையில் இருப்பவர், நோயாளிக்காக மேலதிகாரியிடம் எவ்வளவு தூரம் வாதாட முடியும்? கல்யாணம் ஆனால் வேலை போகும் என்ற காலத்தில், பத்தாண்டு அனுபவம் பெற்ற எத்தனை கைகளை முதுகுத்தண்டு வார்டுகள் இழந்திருக்கும்? ராணுவம் அந்தக் கணக்கைப் போட்டதில்லை. நோயாளிகள் போட்டிருப்பார்கள்.

கணக்கில் வராதவர்கள்

படைவீரர் என்ற பெயரே கிடைக்காத ஒரு பிரிவும் வார்டுகளில் இருக்கிறது. கடக்வாஸ்லா தேசிய ராணுவ அகாடமியிலும் டேராடூனிலும் சென்னையிலும் அதிகாரிப் பயிற்சியின்போது விழுந்து அடிபட்டவர்கள். பயிற்சி முடியாததால் அவர்கள் அதிகாரியும் அல்ல, முன்னாள் படைவீரரும் அல்ல. சுகாதாரத் திட்ட அட்டையும் 2025 வரை கிடையாது. 1985-லிருந்து இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என்று 2025-ல் பத்திரிகைகள் எழுதின. சிலர் சக்கர நாற்காலியில், சிலர் படுத்த படுக்கையில். அந்தச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட்டில் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதம் அவர்களுக்கும் இ.சி.எச்.எஸ். திட்டத்தைத் திறந்துவிட்டது பாதுகாப்பு அமைச்சகம். நாற்பது ஆண்டு அடைத்திருந்த கதவு, நீதிமன்றம் தட்டியதும் சில நாளில் திறந்தது.

அடுத்த கேள்வி அக்னிவீரர்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட திட்டப்படி நான்கு ஆண்டு முடிந்து வெளியேறும் இளைஞருக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, சுகாதாரத் திட்டமும் இல்லை. பணியால் ஊனமுற்றால் சதவீதத்துக்கு ஏற்ப 44 லட்சம் ரூபாய் வரை ஒரே தவணையில் தொகை உண்டு. பெரிய தொகைதான். ஆனால் 22 வயதில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவருக்கு முன்னால் இருப்பது நாற்பது ஐம்பது ஆண்டுகள். குழாயும் பஞ்சும் மெத்தையும் உதவியாளும் ஒவ்வொரு மாதமும் வேண்டும். ஒரே தவணையில் வந்த பணம் ஒவ்வொரு மாதமும் வராது. முதுகுத்தண்டு வார்டில் பணிபுரியும் எந்த நர்சும் இந்தக் கணக்கை விரல்விட்டுச் சொல்லிவிடுவார். திட்டம் தீட்டும் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

காயம்பட்ட வீரர் மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தினர் செய்யவேண்டிய சில காரியங்கள் உண்டு. விபத்து எங்கே, எப்போது, என்ன பணியின்போது நடந்தது என்பது மருத்துவக் குறிப்பில் தெளிவாக ஏறியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் குறிப்பு, மெடிக்கல் போர்டின் முடிவு ஆகியவற்றின் நகல்களை வாங்கி இரண்டு இடங்களில் வையுங்கள். ‘பணியால் வந்ததல்ல’ என்று போர்டு எழுதினால் அது முடிவான தீர்ப்பு அல்ல. துறைக்குள் மேல்முறையீடு உண்டு. அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. காலக்கெடுவை மட்டும் தவறவிடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், முதல் ஐந்து நிமிடத்தில் நர்சிடம் சொல்ல வேண்டியவை மூன்று: இவருக்கு உணர்வு இல்லாத பகுதி எது, எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், சிறுநீர் எப்படிப் போகிறது. திடீர்த் தலைவலியும் வியர்வையும் வந்தால் உட்காரவைத்துக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நூற்றாண்டைத் தொட்ட நர்சிங் பணிக்கு அரசு அஞ்சல் தலை வெளியிடலாம், அணிவகுப்பு நடத்தலாம். வார்டுகள் கேட்பது வேறு: முதுகுத்தண்டு சிகிச்சையில் தேர்ந்த நர்சுகளை அடிக்கடி இடம் மாற்றாமல் இருப்பது, பாலிகிளினிக் ஊழியர்களுக்கு அந்தப் பயிற்சியைத் தருவது, மெடிக்கல் போர்டின் முன் நர்சிங் குறிப்புகளைக் கட்டாயமாக வைப்பது. மூன்றுக்கும் செலவு அதிகம் இல்லை. ஒரு போர் விமானத்தின் சக்கரத்துக்கு ஆகும் பணத்தில் பல வார்டுகளின் மெத்தையை மாற்றிவிடலாம்.